எத்தனை டன் இருக்கும், சார்?

முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க, ஆனா போரடிக்காம பேசுங்க" என்றார். இரண்டும் ஒரே மேடையில் நடக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். கட்டுமானத் தளங்களில் ஓடும் கனரக இயந்திரங்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பொக்லைன், டிப்பர் எல்லாம் வரும். ஆனால் அதிகம் பேசப்போவது கிரேனைப் பற்றித்தான். பத்து ஆண்டுகளுக்கு மேலாக எனக்குச் சோறு போடுவது அதுதான்.

இறுதியாண்டு மாணவர்களே, அடுத்த ஜூன், ஜூலையில் உங்களில் பலர் ஏதோ ஒரு சைட்டில் புது ஹெல்மெட்டோடு நிற்பீர்கள். வயது 22 இருக்கும். எதிரே ஒரு கிரேன். அதன் ஆபரேட்டருக்கு ஐம்பது வயது. அவர் கேபினிலிருந்து தலையை நீட்டி உங்களைப் பார்த்துக் கேட்பார்: "எத்தனை டன் இருக்கும், சார்?" நீங்கள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசர், "ஒரு அஞ்சு டன் இருக்கும்ணே, தூக்குங்க" என்பார். கிரேனும் தூக்க ஆரம்பித்துவிடும்.

அந்த அஞ்சு டன் எங்கிருந்து வந்தது? கண் மதிப்பு. மாட்டுச் சந்தையில் மாட்டைப் பார்த்து விலை சொல்வது போல. மாட்டு வியாபாரிக்காவது பல வருட அனுபவம் இருக்கும்.

எடையைக் கணக்குப் போட நீங்கள் நாலு வருஷம் பி.இ. படித்திருக்க வேண்டியதில்லை. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 200 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கான்கிரீட் ஸ்லாப். பெருக்கினால் 1.2 கனமீட்டர். கம்பி போட்ட கான்கிரீட் கனமீட்டருக்கு 2.5 டன். ஆக 3 டன். இரும்பு என்றால் கனமீட்டருக்கு 7.85 டன். இதோடு ஹூக் பிளாக், சிலிங், ஷாக்கில், ஸ்பிரெடர் பீம் இருந்தால் அதன் எடை எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கிரேனைப் பொறுத்தவரை அதுவும் சுமைதான். மண்ணில் புதைந்து கிடப்பதையோ, வேறொன்றோடு சிக்கிக் கிடப்பதையோ தூக்கும்போது இந்தக் கணக்கும் செல்லாது. மண் விடாமல் பிடித்துக்கொள்ளும், ஆபரேட்டர் இழுப்பார், பொருளின் எடை ஒன்றாகவும் கிரேன் உணரும் எடை வேறாகவும் இருக்கும்.

தில்லியில் 2009 ஜூலை 12 அன்று மெட்ரோ ரயில் பாலப் பணியில் ஒரு பகுதி இடிந்து விழுந்து 6 பேர் இறந்தார்கள். அது பலருக்கு நினைவிருக்கும். மறுநாள் நடந்ததுதான் என் பேச்சுக்கு வேண்டும். விழுந்து கிடந்த கர்டரை அப்புறப்படுத்த வந்த கிரேன்களே அடுத்தடுத்துச் சாய்ந்தன. தொலைக்காட்சிக் கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. மீட்பு வேலை என்பது சாதாரணத் தூக்கலைவிடக் கடினம், ஆனால் அவசரத்தில் நடப்பது. இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒரு கிரேன் கவிழ்ந்துவிட்டால் மறுநாள் பத்திரிகையில் என்ன எழுதுகிறார்கள்? "ஆபரேட்டரின் கவனக்குறைவே காரணம், போலீஸார் விசாரிக்கின்றனர்." ஆபரேட்டர் தப்பு செய்வதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தூங்கி வழிபவரும் உண்டு, போன் பேசிக்கொண்டே லீவரைத் தள்ளுபவரும் உண்டு. ஆனால் பெரும்பாலான சமயம் அவர் சாவியைத் திருப்புவதற்கு முன்பே விஷயம் முடிவாகிவிடுகிறது. எடை என்ன என்று யாரும் கணக்குப் போடாதபோது, கிரேன் எங்கே நிற்கவேண்டும் என்பதை இடவசதியை மட்டும் பார்த்து முடிவு செய்யும்போது, நாளைக்குள் முடித்தாகவேண்டும் என்று மீட்டிங்கில் தலையாட்டும்போது. இதெல்லாம் செய்கிறவர்கள் யார்? நாம்தான். இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற, படித்த ஜாதி.

அடுத்து, "50 டன் கிரேன்" என்ற பெயர். இது ஒரு மோசமான பெயர். 50 டன் கிரேன் 50 டன்னைத் தூக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். தூக்கும், சுழலும் மையத்திலிருந்து சுமார் 3 மீட்டர் தூரத்தில், அதாவது ஏறக்குறைய தன் காலடியில். 20 மீட்டர் தள்ளிப் போனால் அதே கிரேனின் திறன் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். நம் கிராமங்களில் பருத்தி, புளி நிறுக்க வெள்ளிக்கோல் வைத்திருப்பார்கள். எடைக்கற்கள் கிடையாது, கோலில் தூரத்தை மாற்றியே எடை பார்ப்பார்கள். கிரேன் ஒரு பெரிய வெள்ளிக்கோல். எடை எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு தூரத்தில் என்றும் கேட்கவேண்டும். தூக்க ஆரம்பித்ததும் பூம் சற்று வளையும். வளைந்தால் தூரம் கூடும். நீங்கள் டேப் பிடித்து 12 மீட்டர் என்று அளந்தது, சுமை தரையைவிட்டுக் கிளம்பும்போது பன்னிரண்டரை ஆகியிருக்கும்.

ஒவ்வொரு கிரேன் கேபினிலும் லோடு சார்ட் என்று ஒரு அட்டவணை இருக்கும். இருக்கவேண்டும். சில கேபின்களில் அது இருக்கவேண்டிய இடத்தில் சாமி படம் இருக்கிறது. சாமி படத்தின் மேல் எனக்கு ஆட்சேபணை இல்லை, இரண்டையும் ஒட்டலாம். அமெரிக்கத் தரத்தின்படி, அவுட்ரிக்கர் ஊன்றி நிற்கும் கிரேனுக்கு அது கவிழும் சுமையில் 85 சதவீதத்துக்கு மேல் சார்ட்டில் போடக்கூடாது. கிராலர் கிரேனுக்கு 75 சதவீதம். "பார்த்தீங்களா சார், பதினைந்து பர்சென்ட் மார்ஜின் இருக்கு, கொஞ்சம் இழுக்கலாம்" என்பவர்கள் உண்டு. அந்தப் பதினைந்து ஏற்கெனவே செலவான பணம். பிரேக் பிடிக்கும்போது வரும் குலுக்கல், காற்று, தரையின் சாய்வு எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். 40 மீட்டர் உயரத்தில் பூமின் நுனி இருக்கிறது, தரை ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். நுனி 70 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு டிகிரி நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

தரைக்கு வருகிறேன். சிவில் நண்பர்கள் நிமிர்ந்து உட்காரலாம்.

கிரேனின் சொந்த எடை 40 டன், தூக்கும் சுமை 10 டன், மொத்தம் 50. கால்கள் நான்கு. சின்ன வயதுக் கணக்குப்படி காலுக்குப் பன்னிரண்டரை என்று வரும். அப்படி வராது. பூம் எந்த மூலைப் பக்கம் திரும்புகிறதோ அந்த மூலைக் கால் முக்கால் பங்கைக்கூட வாங்கிக்கொள்ளும். 37.5 டன். காலின் அடித்தட்டு 40 சென்டிமீட்டர் சதுரம் என்றால் பரப்பு 0.16 சதுரமீட்டர். வகுத்துப் பாருங்கள், சதுரமீட்டருக்கு 234 டன்! ஓரளவு கெட்டியான களிமண்ணில் அஸ்திவாரம் டிசைன் செய்யும்போது நாம் 15, 20 டன் என்று எடுப்போம். 20 என்றே வைத்துக்கொண்டாலும் அந்தக் காலுக்கு அடியில் 1.4 மீட்டர் சதுரத்துக்குத் தட்டு வேண்டும். அதுவும் வளையாத தட்டு. சைட்டில் என்ன வைக்கிறார்கள்? சென்ட்ரிங் பலகை, உடைந்த செங்கல், சில நேரம் ஒரு ஜல்லி மூட்டை. கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் பாறை மாதிரி இருக்கும். ஒரு மழை பெய்தால் அல்வா. நேற்று நின்ற அதே இடத்தில் இன்றைக்கு நிற்கலாம் என்று யாராவது சொன்னால், ராத்திரி மழை பெய்ததா என்று கேளுங்கள்.

மண்ணுக்கு அடியில் இருப்பது இன்னும் மோசம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தென் மாவட்டத்தில் ஓர் ஆலை விரிவாக்க வேலை. பெரிய டேங்க் ஒன்றைத் தூக்கி வைக்கவேண்டும். காலை எட்டு மணிக்கு வாடகைக் கிரேன் வந்துவிட்டது. ஆபரேட்டர் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, இடத்தைச் சுற்றி வந்தார். "தம்பி, இந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, சைட் மேனேஜருக்கும் தெரியவில்லை. டிராயிங்கில் அது காலி இடம். அவர் ஒரு கடப்பாரை வாங்கி, நாலு கால் வரும் இடத்திலும் ஓங்கிக் குத்தினார். மூன்று இடத்தில் டங்கென்று நின்றது. நாலாவது இடத்தில் ஒரு முழம் உள்ளே போனது. "இங்க ஊன்ற முடியாதுங்க" என்றார்.

மேனேஜர் கத்தினார். மணிக்கு வாடகை ஓடுகிறது, கிளையன்ட் வந்து நிற்கிறார், நீ என்ன சாயில் டெஸ்ட் எடுக்கிறாயா என்றெல்லாம் கேட்டார். அந்த மனிதர் பதில் பேசவில்லை. எஞ்சினை அணைத்தார், சாவியைச் சட்டைப் பையில் போட்டார், வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் ஒரு ஜேசிபியை வைத்துத் தோண்டிப் பார்த்தால், எந்தக் காலத்திலோ கட்டி, மேலே மண் போட்டு மூடிவிட்ட செப்டிக் டேங்க். மூடி ஸ்லாபின் கம்பி துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது.

சினிமாவாக இருந்தால் அவருக்கு மாலை போட்டிருப்பார்கள். அடுத்த வாரம் அந்தக் கிரேனோடு வேறு ஆபரேட்டர் வந்தார். "அந்த ஆள் ரொம்பப் பேசுறாரு, மாத்தி அனுப்புங்க" என்று வாடகைக்காரருக்குப் போன் போயிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவரை அதன்பின் நான் பார்க்கவில்லை.

இன்றைக்கு நான் உங்கள் முன்னால் வந்து நிற்பதே இதைச் சொல்லத்தான். ஆபரேட்டருக்குச் சம்பளம் கொஞ்சம், பேட்டாதான் வருமானம். கிரேன் ஓடினால் பேட்டா, நின்றால் இல்லை. 'முடியாது' என்று அவர் சொன்னால் அன்றைய பேட்டா போகும், இரண்டு தடவை சொன்னால் வேலையே போகலாம். சரி என்று சொன்னாலோ, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. என்றைக்கோ ஒரு நாள் ஆகும். இந்த நிலைமையில் வைத்துவிட்டு, "சேஃப்டி ஃபர்ஸ்ட்" என்று கேட்டில் போர்டு மாட்டினால் அவர் எதை நம்புவார்? இப்போது நான் பொறுப்பில் இருக்கும் வேலைகளில் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். பாதுகாப்புக் காரணம் சொல்லி ஆபரேட்டர் நிறுத்தினால் அந்த ஷிப்டுக்கு வாடகையும் உண்டு, அவருக்குப் பேட்டாவும் உண்டு. கமர்ஷியல் பிரிவு நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். "சும்மா ஏமாத்துவாங்க சார்" என்பார்கள். ஏமாற்றட்டுமே. ஒரு ஷிப்டு வாடகைதானே போகும்?

ஆபரேட்டர் பேசாவிட்டாலும் கிரேன் தானே பேசும். சுமை அளவை மீறும்போது அலறுவதற்கு லோடு மொமென்ட் இண்டிகேட்டர் என்ற கருவி இருக்கிறது. எல்.எம்.ஐ. என்பார்கள். எடை, தூரம், பூம் நீளம் மூன்றையும் பார்த்து, எல்லை தாண்டினால் இயக்கத்தையே நிறுத்திவிடும். அதை மீறி இயக்க ஒரு பைபாஸ் சாவியும் இருக்கும். கோளாறு ஏற்பட்டால் சுமையைப் பத்திரமாக இறக்கிவைக்கக் கொடுத்த சாவி. பல கிரேன்களில் அது பைபாஸிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கிறது. "கத்திக்கிட்டே இருக்கு சார், தலைவலி" என்பார்கள். வாடகைக் கிரேன் உள்ளே வந்தால் பத்திரங்களைப் பார்ப்பது ஒரு வேலை. 1996-ல் கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் 1998-ல் அதன் மத்திய விதிகளும் வந்தபிறகு பத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. லேமினேட் செய்து தொங்கும். அதைப் பார்த்துவிட்டு அந்தச் சாவி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றும் எட்டிப் பாருங்கள். ஹூக்கை மெதுவாக மேலே ஏற்றச் சொல்லி, பூம் நுனியில் முட்டுவதற்கு முன் தானாக நிற்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிஷம் ஆகாது.

சிக்னல் விஷயத்தில் நம் தமிழுக்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் "ரைட்" என்றால் என்ன அர்த்தம்? போகலாம் என்று. டிரைவிங் கற்றுக்கொடுப்பவர் "ரைட்" என்றால் வலது பக்கம். ரிக்கிங் வேலையில் ஒருவன் "ரைட்! ரைட்!" என்று கத்தினால் ஆபரேட்டர் வலப்பக்கம் திருப்புவதா, செய்துகொண்டிருப்பதைத் தொடர்வதா? இதனால் ஒரு தூண் கம்பிக்கூடு பக்கத்துச் சாரத்தின்மேல் போய் மோதியதை நானே பார்த்திருக்கிறேன். பழைய துறைமுகக் கலாசிகள் கெட்டிக்காரர்கள். 'ஆரியா' என்றால் இறக்கு, 'ஹபீஸ்' என்றால் தூக்கு. வேறு எந்தப் பேச்சிலும் வராத சொற்கள், குழப்பத்துக்கு இடமில்லை. இன்றைக்கு நம் சைட்டுகளில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்தவர்கள் நிறைய. ஆபரேட்டர் போஜ்புரி பேசுவார், கீழே நிற்பவர் ஒடியா பேசுவார், நீங்கள் தமிழில் கத்துவீர்கள். எனவே கைச் சைகை, அல்லது வாக்கி டாக்கியில் முன்கூட்டிப் பேசிவைத்த நாலைந்து சொற்கள். சைகை காட்டுபவர் ஒரே ஒருவர். அவர் கண்ணில் படாவிட்டால் ஆபரேட்டர் நிறுத்திவிட வேண்டும். ஒரே ஒரு சைகைக்கு மட்டும் விதிவிலக்கு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி வீசினால் அவசர நிறுத்தம். அதை யார் வேண்டுமானாலும் காட்டலாம், சித்தாள் அம்மாவும் காட்டலாம். ஆபரேட்டர் நிறுத்தியே ஆகவேண்டும். காரணத்தைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

காற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் தொழிலுக்குத் துரோகம். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் ஒரு பேஸ்பால் மைதானம் கட்டினார்கள். 1999 ஜூலை 14 அன்று, 'பிக் புளூ' என்று செல்லமாகக் கூப்பிட்ட ராட்சதக் கிரேன் 400 டன்னுக்கு மேற்பட்ட கூரைப் பகுதி ஒன்றைத் தூக்கியது. காற்று வீச்சு மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. எடை தெரியும், தூரம் தெரியும். ஆனால் அவ்வளவு அகலமான கூரை பாய்மரம் போலக் காற்றை வாங்கும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கிரேன் முறிந்து விழுந்தது. வேறொரு கிரேனில் தொங்கிய கூடையில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்த மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 2000-ல் திறக்கவேண்டிய மைதானம் 2001-ல்தான் திறந்தது.

பூம் நேர்க்கீழாக வரும் சுமையைத் தாங்கச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் தள்ளினால் அது பலவீனமான பிள்ளை. 6 மீட்டருக்கு 3 மீட்டர் ஷட்டரிங் பேனல் ஒன்று, வினாடிக்கு 10 மீட்டர் காற்று. பக்கவாட்டில் நூறு கிலோவுக்கு மேல் தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்கு. ஆடிக் காத்துல அம்மி பறக்குதோ இல்லையோ, பேனல் பறக்கும். முப்பந்தல், பல்லடம் பக்கம் காற்றாலை நிறுத்துபவர்களைப் பார்த்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கும். காற்றுக்காகவே அந்த ஊருக்கு வந்துவிட்டு, காற்று ஓயும் விடியற்காலை வேளைக்காகக் கிரேனோடு காத்துக்கிடப்பார்கள். அந்தப் பொறுமை கட்டடக்காரர்களுக்கும் வரவேண்டும்.

சும்மா நிற்கும் கிரேனுக்கும் காற்று உண்டு. மெக்காவின் பெரிய பள்ளிவாசல் விரிவாக்கப் பணியில் நின்ற கிராலர் கிரேன், 2015 செப்டம்பர் 11 அன்று புயல்காற்றில் சாய்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது அப்போது எதையும் தூக்கிக்கொண்டிருக்கவில்லை. வேலை இல்லாத நேரத்தில் பூமை இறக்கிவைக்காமல் உயர்த்தியபடி விட்டிருந்தது விசாரணையில் வெளிவந்தது. வானிலை அறிக்கை கேட்பது விவசாயியும் மீனவரும் மட்டும் செய்யும் வேலை என்று நாம் நினைக்கிறோம்.

நம் ஊர் விஷயம் ஒன்றையும் சொல்லியாகவேண்டும். கிரேன் இப்போது கட்டுமானத் தளத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. கட்சித் தலைவருக்கு ராட்சத மாலை போட, கட் அவுட்டுக்குப் பால் ஊற்ற, சினிமாவுக்கு விளக்குப் பிடிக்க எல்லாவற்றுக்கும் கிரேன். ஒரு போன் போட்டால் அரை மணியில் ஹைட்ரா வந்து நிற்கும். 2020 பிப்ரவரி 19 இரவு பூந்தமல்லி அருகே படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். 2023 ஜனவரி 22 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி அருகே கீழ்வீதி கிராமத்துத் திருவிழாவில், சாமிக்கு மாலை போடக் கிரேனில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தபோது அது சாய்ந்து நான்கு பேர் இறந்தார்கள். பக்தியைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஹைட்ரா என்பது பொருளைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கும் வண்டி. ஆளைத் தூக்க அது செய்யப்படவில்லை. நடு உடம்பு மடிந்து திரும்பும் வகை அது. திரும்பத் திரும்ப அதன் சமநிலையும் நகரும், நேராக நிற்கும்போது தாங்கியதை வளைந்து நிற்கும்போது தாங்காது. கட்டுமானத் தளத்தில் அதன் முன்னால் சுமையைக் கையால் பிடித்துக்கொண்டே இரண்டு பேர் நடந்து போவார்கள். ஆபரேட்டருக்குச் சுமைதான் தெரியும், அவர்களைத் தெரியாது. ஒரு டேக் லைன் கயிறு கட்டி பக்கவாட்டில் தள்ளி நடந்தால் போதும். கயிற்றுக்கு என்ன விலை? சில பெரிய நிறுவனங்கள் பழைய வகை ஹைட்ராவைத் தங்கள் வளாகத்துக்குள் விடுவதே இல்லை. நீங்கள் உங்கள் ஊரில் நாலு பேர் கேட்கும் இடத்தில் இருக்கிற இஞ்சினியர்கள். திருவிழாக் கமிட்டியில் உங்கள் சித்தப்பா இருப்பார். ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பொக்லைன், டிப்பரை வேகமாக முடித்துவிடுகிறேன். பொக்லைனில் எல்லோரும் பக்கெட்டைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பின்பக்கத்தைப் பார்க்க மாட்டார்கள். எதிர் எடை இருக்கும் அந்தப் பின்பகுதி சுழலும்போது சுவருக்கும் அதற்கும் நடுவே ஆள் மாட்டினால் சத்தம்கூட வெளியே வராது. அந்தச் சந்தை ரிப்பன் கட்டி மூடிவிடுங்கள். பள்ளத்தின் விளிம்பில் எந்த வண்டியையும் நிறுத்தாதீர்கள். பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது தள்ளி நிற்கட்டும். டிப்பர் பின்னால் வரும்போது, "வரலாம், வரலாம்" என்று சொல்லும் பையன் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கிறான். கண்ணாடியில் தெரியாத இடம் அதுதான். டிரைவரின் கண்ணாடியை அவன் பார்க்க முடிகிற இடத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

கடைசியாக மின்கம்பி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களைக் கேட்டால் இதைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். பூமோ, டிப்பர் தொட்டியோ, ரிக் கோபுரமோ மேலே உள்ள கம்பியில் பட்டுவிட்டால் என்ன செய்வது? தொடவே வேண்டியதில்லை, உயர் அழுத்தக் கம்பி நெருங்கினாலே பாயும். 50 கிலோவோல்ட் வரை குறைந்தது 3 மீட்டர் விலகி இருக்கவேண்டும் என்பது அமெரிக்க விதி. நம் ஊர் 11 கிலோவோல்ட் கம்பிக்கும் நான் அதையே பிடித்துக்கொள்கிறேன். பட்டுவிட்டால், கேபினுக்குள் இருப்பவர் உள்ளேயே இருக்கவேண்டும். வண்டி முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் உள்ளே இருக்கும்வரை அவருக்கு ஆபத்து குறைவு. கீழே நிற்பவர்கள் வண்டியைத் தொடக்கூடாது, காப்பாற்றப் போகிறேன் என்று ஓடிவரவும் கூடாது. தள்ளிப் போய் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை அணைக்கவேண்டும். 'டிரிப் ஆகிடுச்சு, இறங்குங்க' என்பதை நம்பாதீர்கள், துணை மின்நிலையத்தில் அது தானாகவே திரும்ப ஏறலாம். வண்டி தீப்பிடித்து இறங்கியே ஆகவேண்டும் என்றால் படியில் இறங்கக்கூடாது. ஒரு கால் வண்டியிலும் ஒரு கால் தரையிலும் பட்டால் உடல் வழியே மின்சாரம் போய்விடும். இரண்டு காலையும் சேர்த்து, வண்டியைத் தொடாமல், எட்டிக் குதிக்கவேண்டும். குதித்தபின் ஓடவும் கூடாது, ஏனென்றால் தரையிலும் ஒவ்வோர் அடிக்கும் மின்னழுத்தம் மாறும்; அகலமாக அடி வைத்தால் இரு கால்களுக்கும் நடுவே பாயும். கால்களைச் சேர்த்தபடியே சிறு சிறு குதியாக, அல்லது பாதத்தைத் தரையை விட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து, பத்து மீட்டராவது விலகவேண்டும். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஸ்டெப் பொட்டென்ஷியல் என்று எலக்ட்ரிக்கல் தம்பிகள் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். ஆபரேட்டருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. போகிற சைட்டில் முதல் வாரமே அவரைக் குதித்துக் காட்டச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

பின்னால் மேஜையில் 40 டன் கிரேன் ஒன்றின் லோடு சார்ட் நகல்கள் வைத்திருக்கிறேன். கூடவே ஒரு கணக்கும் இருக்கிறது: 6 டன் டேங்க், 14 மீட்டர் தூரம், கரிசல் மண், முந்தின நாள் மழை. தூக்கலாமா, கூடாதா, காலுக்கு அடியில் என்ன வைப்பீர்கள்? சாப்பாட்டுக்கு முன்பு போட்டுக் காட்டுபவர்களோடு உட்கார்ந்து பேச நான் தயார். பேராசிரியர்களும் முயலலாம்.